வெப் செக்யூரிட்டி அப்ளையன்ஸ்: முதல் நாள் நெட்வொர்க் அமைப்பு பற்றிக் கேள்வி பதில்

சிஸ்கோவின் வெப் செக்யூரிட்டி அப்ளையன்ஸ் (டபிள்யூஎஸ்ஏ), அதாவது அலுவலகத்தின் இணையப் போக்குவரத்தை இடையில் நின்று வடிகட்டும் பிராக்ஸி பெட்டியைப் புதிதாக நிறுவும் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பெட்டியை ரேக்கில் ஏற்றியாயிற்று. முதன்முதலில் உள்ளே நுழைவது எப்படி சார்?

எம்1 என்ற நிர்வாகப் போர்ட்டில் லேப்டாப்பை நேராகச் செருகுங்கள். பெட்டியின் தொடக்க முகவரி 192.168.42.42. லேப்டாப்புக்கு 192.168.42.43, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துவிட்டு, பிரவுசரில் 8080 அல்லது 8443 போர்ட்டில் திறங்கள். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல் அயர்ன்போர்ட், எல்லாம் சிறிய எழுத்தில். 2007-இல் சிஸ்கோ வாங்கிய நிறுவனத்தின் பெயர் அது. ஊருக்கே தெரிந்த கடவுச்சொல் என்பதால் முதலில் ஓடும் அமைப்பு விசார்டிலேயே மாற்றிவிடுங்கள்.

விசார்டின் கடைசிப் பக்கத்தில் இன்ஸ்டால் கொடுத்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெட்டி போச்சா?

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எம்1-க்கு நீங்கள் கொடுத்த புதிய முகவரிக்கு அது போய்விட்டது. பிரவுசர் இன்னும் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பின் ஐபியையும் புதிய சப்நெட்டுக்கு மாற்றி, புதிய முகவரியில் திறந்து பாருங்கள்.

முகவரியைத் தப்பாக அடித்திருந்தால் கன்சோல் கேபிள்தான் வழி. உள்ளே போய் இன்டர்ஃபேஸ்கான்ஃபிக் கட்டளையில் திருத்தி, கமிட் அடியுங்கள். கமிட் இல்லாமல் எந்த மாற்றமும் அமலுக்கு வராது. வெப் பக்கத்திலும் சப்மிட் மட்டும் போதாது. இன்னொன்று, பின்னாளில் ஏதோ ஒன்றைத் திருத்துவதற்காக விசார்டை மறுபடி ஓட்டிவிடாதீர்கள். இருக்கிற கான்ஃபிகரேஷன் மொத்தமும் அழிந்துவிடும்.

சின்ன அலுவலகம்தான். எம்1, பி1, பி2 மூன்றும் தேவையா?

தேவையில்லை. பி1, பி2 இரண்டும் பயனர்களின் டேட்டாவுக்கான போர்ட்டுகள். நிர்வாகம், பிராக்ஸி இரண்டையும் எம்1 ஒன்றே பார்த்துக்கொள்ளும். நிர்வாகத்தைத் தனியே பிரிக்கச் சொல்லித் தணிக்கைக்காரர் கேட்டால் மட்டும், எம்1-ஐ நிர்வாகத்துக்கு மட்டும் என்று டிக் செய்யுங்கள். அப்போது பி1 வேறு சப்நெட்டில் இருக்க வேண்டும். ரூட்டிங் டேபிளும் நிர்வாகத்துக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என்று இரண்டாகிவிடும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) எந்த டேபிள் வழியாகப் போக வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பலரும் கோட்டை விடும் இடம் இது.

பி1 உள்ளே, பி2 ஃபயர்வால் பக்கம். பி1-இன் சப்நெட்டில் இருப்பவர்களுக்கு இணையம் வருகிறது. மற்ற மாடிகளில் பிராக்ஸி பதிலே சொல்வதில்லை. லைசென்ஸ் பிரச்சினையா?

லைசென்ஸ் அப்படி மாடி பார்த்து வேலை செய்யாது. இது திரும்பும் பாதையின் சிக்கல்.

பி1 10.10.1.5, மேல் மாடிக் கணினி 10.20.5.17 என்று வையுங்கள். கோரிக்கை கோர் ஸ்விட்ச் வழியாக பி1-க்கு ஒழுங்காக வந்து சேரும். பதில் அனுப்பும்போது பெட்டி பார்க்கிறது: 10.20 என்பது நம் சப்நெட் இல்லை, ரூட்டும் இல்லை, சரி, டீஃபால்ட் கேட்வேக்குத் தள்ளு. அந்தக் கேட்வே ஃபயர்வால். ஆக, பதில் பி2 வழியாக வெளியேறுகிறது. தொடக்கத்தையே பார்க்காத இணைப்பின் பதில் என்பதால் ஃபயர்வால் அதைத் தூக்கி எறிகிறது. பாக்கெட் கேப்சர் எடுத்தால் பி1-இல் ஒரே சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கும் கோரிக்கை) திரும்பத் திரும்ப வருவதும், அதற்கான பதிலான சின்-ஆக் பி2-இல் கிளம்புவதும் தெரியும்.

மருந்து ஒரே வரி: டேட்டா டேபிளில் 10.20.0.0/16-க்குக் கோர் ஸ்விட்ச்சின் 10.10.1.1-ஐக் காட்டி ஸ்டாட்டிக் ரூட். பிற்பாடு புதிய விலான் (தனி உள்வலை) சேர்த்தால் அதற்கும் இங்கே ரூட் வேண்டும்.

டிஎன்எஸ்-க்கு இணைய ரூட் சர்வர்களா, எங்கள் சர்வரா?

ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சேவை) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உங்கள் சர்வர். பிரவுசரில் பிராக்ஸியை நேரடியாகக் கொடுக்கும் முறையில் தளத்தின் பெயரைத் தேடுவது கணினி அல்ல, பெட்டிதான். அதற்கு டிஎன்எஸ் கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் எல்லாத் தளமும் நின்றுபோகும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியையும் அப்போதே சரிபாருங்கள். டொமைன் கன்ட்ரோலரின் கடிகாரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும்.

சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில், வெப் போக்குவரத்தைத் தானாகவே பெட்டிக்குத் திருப்பிவிடும் டபிள்யூசிசிபி போட்டேன். பயனர்கள் இன்சைடில், அப்ளையன்ஸ் டிஎம்இசட் என்ற தனி வலைப்பகுதியில். ஏன் வேலை செய்யவில்லை அண்ணா?

ஏஎஸ்ஏ அதற்கு ஒத்துவராது தம்பி. பயனர்களும் பெட்டியும் ஒரே இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெட்டியை இன்சைடுக்கு மாற்றுங்கள், அல்லது திசைதிருப்புவதைக் கோர் ஸ்விட்ச்சிடம் கொடுங்கள். டபிள்யூசிசிபியில் சர்வீஸ் ஐடி 0 போர்ட் 80-க்கு மட்டும்தான். எச்டிடிபிஎஸ் போகும் 443-க்கு டைனமிக் சர்வீஸ் தனியாக வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் ஒரு கணினியின் பிரவுசரில் பிராக்ஸி முகவரியும் போர்ட் 3128-ம் கொடுத்துப் பாருங்கள். அது ஓடிய பிறகு டபிள்யூசிசிபி பக்கம் போகலாம்.

போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி1 போர்ட்டுக்கு என்ன ஐபி கொடுப்பது?

எதுவும் வேண்டாம், அது கேட்க மட்டுமே செய்யும். ஸ்விட்ச்சில் போக்குவரத்தின் நகல் வரும் ஸ்பான் போர்ட்டிலிருந்து கேபிள் கொடுங்கள். நாட் (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றுவது) நடக்கும் இடத்துக்கு முன்னாலேயே எடுங்கள். பின்னால் எடுத்தால் எந்தக் கணினியைப் பார்த்தாலும் ஒரே முகவரிதான் தெரியும்.