4ஜியை நிறுத்தப் போகிறார்களாமே?

கேள்வி: என் 4ஜி போன் மூன்று வருடமாக ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது. சார்ஜர் வாங்க மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். “4ஜியை நிறுத்தப் போறாங்கண்ணே, பேசாம 5ஜி போனா எடுத்துருங்க” என்றார் கடைக்காரர். வீட்டில் பையனும் அதையே பாடுகிறான். மாறித்தான் ஆக வேண்டுமா?
உசிலம்பட்டி வாசகர்

பதில்: சார்ஜரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினீர்கள்தானே? நல்லது.

4ஜி இப்போதைக்கு எங்கும் போகாது. பிஎஸ்என்எல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் தன் 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கி வைத்ததே 2025 செப்டம்பரில்தான். ஏர்டெல் 2022இல் 5ஜியைக் கொண்டுவந்தபோது அதைத் தன் 4ஜியின் மேல்தான் ஏற்றி வைத்தது. அடியில் இருப்பதை உருவினால் மேலே இருப்பதும் சரியும். ஜியோ 4ஜியின் துணையில்லாமல் 5ஜியைத் தனியாகப் போட்டது உண்மைதான். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர்களிலும் கோடிக்கணக்கானவர்கள் இன்னும் 4ஜி போனில்தான் இருக்கிறார்கள். காசு தருகிறவரை யார் விரட்டுவார்கள்?

கடைக்காரர் சொன்னதில் ஒரு துளி நியாயம் உண்டு. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடியது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் மூத்த 2ஜி அவர்களிடம் இன்றும் ஓடுகிறது. ஆடு மேய்க்கப் போகும் பெரியவரின் மடியில் இருக்கும் பட்டன் போனுக்கு அதுதான் உயிர். நடுப்பிள்ளைதான் போனது.

இருக்கிற போன் உழைக்கும்வரை உழைக்கட்டும். அடுத்து வாங்கும்போது 5ஜி போனாகவே வாங்குங்கள். ஆனால் ‘5ஜி வேண்டும்’ என்பதற்காக மட்டும் பணத்தைப் போடுவதாக இருந்தால், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். 5ஜி போன் வைத்திருக்கும் மாப்பிள்ளையோ மருமகனோ வீட்டுக்கு வரும்போது, அந்தப் போனை வாங்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் திண்ணையிலும், தோட்டத்து மோட்டார் ரூமிலும் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். எந்தக் கம்பெனி சிம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை டவுனுக்கு 5ஜி 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. உங்கள் மோட்டார் ரூமுக்கு வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: புதிதாக 5ஜி போன் வாங்கினேன். மொட்டை மாடியில் 5ஜி காட்டுகிறது, அடுப்படிக்குள் வந்தால் 4ஜி ஆகிவிடுகிறது. ‘அன்லிமிடெட் 5ஜி’ என்று சொல்லித்தான் ரீசார்ஜ் போட்டார்கள். நேற்று மதியமே அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாக மெசேஜ் வருகிறது. போனில் கோளாறா?
ஒத்தக்கடை வாசகி

பதில்: போனில் கோளாறு இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இங்கே 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 2022 ஏலத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் அதில் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்தன. 4ஜியில் ஒரு கேரியரின், அதாவது டேட்டா ஓடும் ஒரு தடத்தின், அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். மாசி வீதிக்கும் ரிங் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் சரி, ஆனால் இவ்வளவு உயர்ந்த அலை சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். உங்கள் பக்கம் யானைமலை வேறு. டவர் மலைக்கு அந்தப்புறமும் வீடு இந்தப்புறமும் இருந்தால் பாறையைத் துளைத்துக்கொண்டு எதுவும் வராது. ஜியோவிடம் 700 மெகாஹெர்ட்ஸும் இருக்கிறது. அது சுவருக்குள் நன்றாக நுழையும். ஆனால் அதன் அகலம் 10 மட்டுமே, ஆகவே திரையில் 5ஜி என்று எழுதியிருந்தாலும் பறக்காது. எனவே அந்த எழுத்தை நம்பாதீர்கள். 4ஜியின் மேல் ஏற்றிய 5ஜியில், டேட்டா 4ஜியிலேயே போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த எழுத்து தெரியலாம்.

இப்போது டேட்டாவுக்கு வருவோம். ‘அன்லிமிடெட்’ என்பது போன் 5ஜியில் நிற்கும் நேரத்துக்கு மட்டும். அடுப்படியில் 4ஜிக்கு இறங்கியதும் தினசரிக் கணக்கிலிருந்து கழியத் தொடங்கிவிடும். சமைத்துக்கொண்டே சீரியல் பார்த்தால் மதியத்துக்குள் தீராமல் என்ன செய்யும்? அப்புறம், 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோவும் ஏர்டெல்லும் இந்தச் சலுகையைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களோடு கட்டிவிட்டன. உங்களுடையது 1.5 ஜிபி பிளானா என்று பாருங்கள்.

எந்த ஊரில் எந்த சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வைத்திருக்கிறது. பாருங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். அழகர்கோவில் பக்கம் என் அக்கா வீட்டுக்கு ஒரு கம்பெனி வரைபடத்தில் அடர்த்தியாக வண்ணம் பூசியிருந்தது. அதை நம்பி 84 நாள் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தேன். அக்கா 84 நாளும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுதான் பேசினார்.

வெளியிலும் சிக்னல் இல்லையென்றால் 198இல் புகார் பதிந்து எண் வாங்குங்கள். சரியாகாவிட்டால் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். இந்தக் கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பிளான் புதிய கம்பெனிக்கு உங்களோடு வராது, அதனால் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் தன் பழைய ஐபோனைத் தருகிறேன் என்கிறான். இங்கே 5ஜி எடுக்குமா?
திருமங்கலம் வாசகர்

பதில்: ஐபோன் 12 முதல் எடுக்கும், மென்பொருள் 16.2க்குக் கீழே இருக்கக் கூடாது. ஆனால் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் ‘வி’ எனப்படும் வோடபோன் ஐடியாவிலும் இ-சிம் உண்டு. சும்மா வருகிற போன், மறுக்காதீர்கள்.

இதே மாதிரி வெளிநாட்டு ஆண்ட்ராய்டு போனைக் காசு கொடுத்து வாங்குவதானால் ‘என்78’ பேண்ட் (மேலே சொன்ன 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதில்தான் வருகிறது) இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் *#06# அடித்து வரும் எண் பில்லிலும் அதேதானா என்று சரிபாருங்கள். பில் இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: “உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்றுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று போன் வந்தது.
செல்லூர் வாசகி

பதில்: திருடன். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பழைய 4ஜி சிம்மிலேயே 5ஜி வரும், மாற்ற ஒன்றுமில்லை. ஓடிபி சொல்லியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கியையும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐயும் கூப்பிடுங்கள்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒரு போட்டோ போக மாட்டேன் என்கிறது. 5ஜி வாங்கினால் தீருமா?
கோரிப்பாளையம் வாசகர்

பதில்: சிக்னல் கோடு டவர் கேட்கிறதா என்பதைத்தான் காட்டும், அதில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதைக் காட்டாது. 5ஜியின் அகலத்தால் நெரிசல் கொஞ்சம் குறையும். ஆனால் வைகைக்குள் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் வீடியோ அனுப்பினால் அதுவும் திணறும். போட்டோவை வீட்டுக்கு வந்து அனுப்புங்கள். குடும்பத்தோடு போனால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதைக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.