சங்கிலிகள் இருக்கின்றன, சிக்னல் ஏன் இல்லை?

ஆய்வு மாணவர் ஒருவர் கேட்கிறார்: "சிலிக்கான்(111) வேஃபர், அதாவது (111) என்ற படிக முகத்தில் வெட்டிய மெல்லிய தட்டு, மேல் இண்டியம் ஏற்றி 4×1 (சாதாரணப் பரப்பின் அலகைவிட ஒரு திசையில் நான்கு மடங்கு அகலமான) அணுச் சங்கிலிகள் வளர்த்திருக்கிறேன். லீட் (எலக்ட்ரான்களைச் சிதறவிட்டுப் பரப்பின் அணு ஒழுங்கைக் காட்டும் கருவி) திரையில் புள்ளிகள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் ஆர்.ஏ.எஸ். (எதிரொளிப்பின் திசை வேறுபாட்டை அளக்கும் ஒளியியல் முறை) அளவீட்டில் தட்டையான கோடுதான் வருகிறது. விளக்கை மாற்ற வேண்டுமா?"

விளக்கில் கை வைக்காதீர்கள். முதலில் வேஃபர் பெட்டியின் லேபிளை எடுத்துப் பாருங்கள். வேஃபரை எத்தனை டிகிரி சாய்த்து வெட்டினார்கள் என்று அதில் போட்டிருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

ஆர்.ஏ.எஸ். செய்வது ஒரே வேலை: செங்குத்தாக விழும் ஒளி, ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் அதிரும்போது எவ்வளவு வேறுபட்டு எதிரொளிக்கிறது என்று பார்ப்பது. சிலிக்கான் கனசதுரப் படிகம். உள்ளே இரண்டு திசைக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே மிஞ்சுகிற வித்தியாசம் மேற்பரப்புடையது. ஒற்றை அணு அடுக்கின் குரல் ஒளியில் கேட்பது இதனால்தான்.

ஆனால் (111) முகம் மும்மடிச் சமச்சீர் உள்ளது. சங்கிலிகள் 120 டிகிரி இடைவெளியில் மூன்று திசைகளிலும் படுக்கலாம், எந்தத் திசைக்கும் சலுகை இல்லை. உங்கள் ஒளிப்பொட்டோ மில்லிமீட்டர் அளவு; மூன்று வகைத் திட்டுகளும் அதற்குள் அடங்கிவிடும். மூன்றும் சம அளவில் இருந்தால் கூட்டுத்தொகையில் திசை என்பதே மறைந்துவிடும். சங்கிலிகள் பத்திரமாக இருக்கும், சிக்னல் மட்டும் இருக்காது.

லீட் படத்தை மறுபடி பாருங்கள். முக்கியப் புள்ளிகளுக்கு இடையே கால், அரைத் தொலைவில் விழும் புள்ளிகள் மூன்று திசையிலும் தெரிகின்றனவா, ஒரே திசையிலா? ஒரே திசையில் மட்டும் இருந்தால்தான் ஒளிக்கு அது நல்ல மாதிரி.

சரி, என்ன செய்வது? [-1 -1 2] என்ற படிகத் திசை நோக்கி 1 முதல் 4 டிகிரி வரை சாய்த்து வெட்டிய வேஃபர் வாங்குங்கள். அதன் பரப்பு அடுக்கு வயல் மாதிரி படிப்படியாக இறங்கும். இண்டியம் படி விளிம்பை ஒட்டியே வரிசை கட்டும். மின்னோட்டம் செலுத்திச் சூடாக்குபவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மின்னோட்டம் படிகளுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சூட்டில் நகரும் சிலிக்கான் அணுக்கள் இழுபட்டு, படிகள் கும்பலாகச் சேர்ந்துவிடும். நடுவே அகலமான தட்டை இடங்கள் உருவாகி, அங்கே சங்கிலிகள் பழையபடி மூன்று பக்கமும் கிளம்பும். எனவே துண்டை வெட்டும்போதே நீளப்பக்கம் படிகளோடு போகட்டும். அப்புறம், ஸ்டீல் இடுக்கியால் துண்டைத் தொடாதீர்கள். அதிலிருந்து ஒட்டும் துளி நிக்கல் போதும், சூடாக்கியதும் பரப்பையே மாற்றிவிடும்.

சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சில விநாடி சுட்டுச் சுத்தம் செய்து, மெதுவாக ஆறவிட்டு, 400 டிகிரி அளவில் ஓர் அடுக்கு இண்டியம் ஏற்றுங்கள். இப்போது 2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியாற்றல் அருகே ஒரு முகடு எழ வேண்டும். மாதிரியை 90 டிகிரி திருப்ப முடிந்தால் திருப்புங்கள். முகடு தலைகீழானால் அது சங்கிலியுடையது. அப்படியே நின்றால் கருவியுடையது.

வெற்றிட ஜன்னலும் ஏமாற்றும். கண்ணாடியில் இருக்கும் இறுக்கம் ஒளியைத் திரித்துவிடும். ஒளியின் முனைவாக்கத்தை வேகமாக மாற்றும் வழக்கமான மாடுலேட்டர் அமைப்பில், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கில் கிடைக்கும் சிக்னலின் மெய்ப்பகுதியை எடுங்கள். கற்பனைப் பகுதியில்தான் ஜன்னலின் சேட்டை அதிகம்.

முகடு கிடைத்த கையோடு குளிர்வியுங்கள், ஏனென்றால் இந்தச் சங்கிலிகளின் அழகே அங்குதான் இருக்கிறது. சுமார் 125 கெல்வினுக்குக் கீழே அணுக்கள் இடம் மாறி, அலகு இரு திசையிலும் இரு மடங்காகும் 8×2 அமைப்பு வரும்; உலோகமாக இருந்தது மின்கடத்தாப் பொருளாகும். 1999-இல் கொரிய இயற்பியலாளர் யோம் ஹான் வூங் குழுவினர் இந்த மாற்றத்தை வெளியிட்ட பிறகு, குளிர்ந்த சங்கிலியில் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 2009-இல் நடு அகச்சிவப்பு ஒளி அதற்குப் பெரிதும் உதவியது. சங்கிலி நெடுக ஓடும் எலக்ட்ரான்களின் அகன்ற சிக்னல் மறைந்து, 0.5, 0.7 எலக்ட்ரான் வோல்ட் அருகே இரண்டு முகடுகள் தோன்றின. கணக்கீடுகளோடு ஒப்பிட்டபோது இண்டியம் அணுக்கள் அறுகோணங்களாக அமரும் அமைப்போடு அவை பொருந்தின.

உங்கள் கருவி கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நின்றுவிட்டாலும் கவலையில்லை. அந்த 2 எலக்ட்ரான் வோல்ட் முகடு குளிரில் இரண்டாகப் பிரியும். அது பிரியும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். சாய்வு வேஃபரிலும் கோடு தட்டையாகவே இருந்தால், லீட் படத்தோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.