ஃப்ளஷ் டேங்க் நிரம்ப அரை மணி நேரம் ஆகிறது. உள்ளே இருக்கும் வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உடனே மாற்றாதீர்கள். 1,450 ரூபாய் கொடுத்து மாற்றிவிட்டு, பதினைந்தே நாளில் பழைய நிலைமைக்குத் திரும்பியவள் சொல்கிறேன்.

உங்களுடையதும் அடுக்குமாடி, மேல் மாடி, போர் தண்ணீர் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் மேடவாக்கம் பக்கம், மூன்றாவது மாடி. எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நிற்கும், அப்படிப்பட்ட தண்ணீர்.

போன கோடையில் திடீரென்று டேங்க் நிரம்ப இருபது நிமிடம் ஆக ஆரம்பித்தது. வீட்டில் ஐந்து பேர். காலை நேரத்தில் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. பிளம்பரைக் கூப்பிட்டேன். வாசலிலேயே முதல் கேள்வி, "சார் இல்லீங்களா?" சார் ஓசூரில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமைதான் வருவார். டேங்க் நிரம்பவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? மூடியைத் தூக்கினார், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, "வால்வு போயிடுச்சு மேடம்" என்றார். புதுசு போட்டார். ஜோராக நிரம்பியது. பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதைக் கேட்டு வாங்கி வைக்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

பதினைந்தாம் நாள் மறுபடியும் சொட்டுச் சொட்டாக. போன் போட்டால் எடுக்கவில்லை. ஆத்திரத்தில் நானே ஸ்பேனரை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் (கழுவிக்கொள்ளப் பீய்ச்சும் கைக்குழாய்) டேங்குக்கும் ஒரே ஆங்கிள் காக், அதாவது சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் குழாய். ஃபாசெட்டில் தண்ணீர் நன்றாகவே பீய்ச்சியது. அப்படியென்றால் ஆங்கிள் காக் வரை கோளாறு இல்லை. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, கனெக்‌ஷன் பைப்பை டேங்க் பக்கம் மட்டும் கழற்றி, நுனியை பக்கெட்டில் விட்டுத் திறந்தேன். நல்ல வரத்து. ஆக அடைப்பு வால்வின் வாயில்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், பைப் மாட்டும் இடத்துக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஜாலி, குட்டிச் சல்லடை மாதிரி. ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். பொடி மணலும் வெள்ளைச் சுண்ணாம்புமாக அடைத்துக் கிடந்தது. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். மூன்றே நிமிடத்தில் டேங்க் நிரம்பியது. அந்தப் பழைய வால்வும் நல்லதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

பிளம்பர்களைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் சித்தப்பாவே அந்த வேலைதான் பார்த்தார். நான் சொல்வது பக்கெட் வைத்துப் பார்க்காமல் விலை சொன்ன ஒருவரைப் பற்றி மட்டும். சுவருக்குள் பதித்த டேங்க் என்றால் என் பேச்சைக் கேட்டு நோண்டாதீர்கள். நான் சொல்வது வெளியே மாட்டியிருக்கும் சாதா டேங்குக்கு.

ஜாலியைத் தூக்கி எறிந்துவிட்டால் வேகமாக வருமே என்று சிலர் சொல்வார்கள். வரும். அப்புறம் மணல் உள்ளே வாஷரில் போய் உட்காரும், வால்வு முழுதாக மூடாது, நாள் முழுக்க ஒழுகும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் இதில் ஊற்றாதீர்கள், ரப்பரையும் குரோமையும் தின்றுவிடும்.

பக்கெட்டிலேயே தண்ணீர் மெதுவாக வந்தால் ஆங்கிள் காக்கையும் மேலே உள்ள லைனையும் பாருங்கள். ஜாலி சுத்தமாக இருந்தும் நிரம்பவில்லையா? மிதவை டேங்க் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். டேங்குக்குள் நாலு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கீழே கோப்பையில் நீலம் இறங்கினால் அடி வாஷர் ஒழுகுகிறது, நிரப்பும் வால்வின் மேல் பழி இல்லை. இதெல்லாம் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள். பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டு போங்கள், பக்கவாட்டில் பைப் மாட்டுவதா அடியில் மாட்டுவதா என்பதிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். பலம் காட்டினால் விரிசல்தான்.

மேல் மாடி என்றால் குறைந்த அழுத்தத்துக்கான வால்வு என்று கேட்டு வாங்குங்கள். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். எங்கள் மொட்டை மாடி டேங்குக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். தரைத்தள வீட்டுக்கு எங்களைப் போல நாலு மடங்கு அழுத்தம். அதனால் அதே மணல் அவர்களுக்கும் போகிறது, ஆனால் அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

மணல் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அசோசியேஷன் ஆட்கள் மாடி டேங்கைக் கழுவிவிட்டு, அடியில் நின்ற கலங்கலை வெளியேற்றாமல் அப்படியே லைனைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ஆங்கிள் காக்கை மூடி வைத்திருப்பேன். வாட்ஸப் குழுவில் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் வரும், இந்தத் தகவல் மட்டும் வராது. மாதாமாதம் 2,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் வேறு. டேங்கை நேரில் பார்க்க வேண்டும், மொட்டை மாடிச் சாவி கொடுங்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். "சார் வந்ததும் அனுப்புங்க, காட்டுறேன்" என்றார். இரண்டு மாதம் ஆகிறது, சாவி இன்னும் வரவில்லை.