பழைய கார் பார்க்கப் போறீங்களா? குழந்தை சீட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க: கேள்வி – பதில்

கோவையிலிருந்து: பாப்பாவுக்கு 8 மாசம். பட்ஜெட் 5 லட்சம். 2018 ஸ்விஃப்ட் ஒண்ணு, 2017 டிசையர் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். ரெண்டுல எது எடுக்கலாம் சார்?

முதலில் இரண்டு வண்டியும் எந்த மாதம் தயாரானவை என்று ஆர்சியில் பாருங்கள். புது உடம்பு டிசையர் வந்தது 2017 மே மாதம். ஸ்விஃப்ட் மாறியது 2018 பிப்ரவரி. அதற்கு முந்தியது என்றால் வருடம் ஒன்றாக இருந்தாலும் வண்டி வேறு. புது உடம்பில் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேராக மாட்டும் இரும்புக் கம்பி) மூன்றும் அடிப்படை வேரியன்ட்டிலேயே உண்டு. பழையதில் அந்த உறுதி இல்லை.

இரண்டும் புது உடம்புதான் என்றால் என் ஓட்டு டிசையருக்கு. பெட்ரோலில் எஞ்சின் ஒன்றுதான், 1.2 லிட்டர். ஆனால் டிசையர் டிக்கி 378 லிட்டர், ஸ்விஃப்ட் 268. ஸ்ட்ரோலரை மடித்து வைத்த பிறகு ஸ்விஃப்ட்டில் ஒரு பைக்குத்தான் இடம் மிஞ்சும். பின் சீட்டில் கால் வைக்கும் இடமும் டிசையரில் கூடுதல். 8 மாதக் குழந்தைக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் பாப்பா பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். குறைந்தது 15 மாதம் வரை அப்படி. அதற்குப் பிறகும் சீட்டின் எடை வரம்பு இடம் கொடுக்கும் வரை அப்படியே விடுவது நல்லது. பின்பக்கம் பார்த்த சீட் சாய்வாக நிற்பதால் முன் சீட்டின் முதுகு வரை நீட்டிக்கொண்டு வரும். கடையில் பார்க்கும்போது இது யாருக்கும் தோன்றாது.

வண்டி பார்க்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். ஓட்டுபவர் தன் உயரத்துக்கு டிரைவர் சீட்டை வைத்து உட்காரட்டும். குழந்தை சீட்டைப் பின்னால் இடது பக்கம் மாட்டுங்கள் (இறக்கி ஏற்றுவது நடைபாதைப் பக்கமாக இருக்கும்). இப்போது இடது முன் சீட்டில் அம்மா உட்காரட்டும். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. இதற்கு இருபது நிமிடம் போதும். அதற்குக்கூட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

சென்னை, வேளச்சேரி: ஐசோஃபிக்ஸ் இருக்குன்னு ஓனர் சத்தியம் பண்றார். பின் சீட்ல எங்க தேடினாலும் கம்பி தெரியலை அண்ணா.

தெரியாது தம்பி, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். பின் சீட்டின் அடிப்பகுதியும் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். விரல் கனம்கூட இல்லாத, 6 மி.மீ. தடிமன் உள்ள இரும்புக் கம்பி தட்டுப்படும். ஒரு சீட்டுக்கு இரண்டு கம்பி, நடுவில் 28 செ.மீ. இடைவெளி. பெரும்பாலும் ஜன்னலோரச் சீட்டில் மட்டும் இருக்கும், நடுச் சீட்டில் இருக்காது.

கம்பி இருந்தும் கிடைக்காமல் போவதற்கு நம் ஊரில் ஒரே காரணம் ரெக்ஸின் சீட் கவர். கவர் தைப்பவர் அடிப்பகுதியையும் முதுகையும் ஒட்டி இழுத்துத் தைத்திருப்பார், இடுக்கு முழுவதும் மூடிப்போயிருக்கும். குழந்தை சீட்டின் கொக்கியை வெளியில் இருந்து குத்தினால் ரெக்ஸின் மடிப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். 'டக்' என்று பாதிச் சத்தம் கேட்கும், பூட்டு விழுந்திருக்காது. சீட்டில் உள்ள பச்சை அடையாளம் இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் பூட்டியதாகக் கணக்கு. கவரைக் கழற்றிவிடுவது நல்லது. மனசு வரவில்லை என்றால் கம்பி இருக்கும் இரண்டு இடத்திலும் கட்டிங் போட்டு ஓரம் தைத்து வாங்குங்கள்.

அப்படியே டாப் டெதர் கொக்கியையும் தேடுங்கள். முன்பக்கம் பார்த்த சீட் மோதலின்போது முன்னால் கவிழாமல் பிடிப்பது அதுதான். ஹேட்ச்பேக்கில் பின் சீட்டின் முதுகுப்புறம், செடானில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் சின்ன மூடிக்கு அடியில் இருக்கும். லக்கேஜ் கொக்கியை டெதர் கொக்கி என்று நினைத்து மாட்டுபவர்கள் உண்டு, கவனம்.

திருப்பூர்: எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், வயசு 2. பெரியவனுக்கு 5. மூணு சீட்டும் ஒரே வரிசையில் போடுற மாதிரி கார் இருக்கா? 7 லட்சத்துக்குள்ள.

ஒரே வரிசையில் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், சகோதரி. ஐ-சைஸ் என்ற குழந்தை சீட் விதிப்படி ஒரு சீட்டின் அகலம் 44 செ.மீ. வரை போகலாம். மூன்று வைத்தால் 132 செ.மீ. டேப் எடுத்துப் பின் சீட்டில் கதவுக்குக் கதவு அளந்து பாருங்கள். உட்காரும் உயரத்தில் அளங்கள், ஜன்னல் உயரத்தில் அல்ல. கதவில் கைவைக்கும் மேடு உள்ளே நீட்டியிருப்பதால் அங்குதான் இடம் குறையும். இந்த விலையில் உள்ள கார்களில் 132 தேறுவது கஷ்டம். தேறினாலும் பெரியவனின் பெல்ட்டை மாட்டும் பக்கிள் இரண்டு சீட்டுக்கு நடுவில் புதைந்துவிடும். தினமும் பள்ளிக்கூட நேரத்தில் அதைத் தோண்டி எடுப்பது நடக்காத காரியம்.

மூன்று வரிசை வண்டிக்குப் போங்கள். எர்டிகா (2018 நவம்பருக்குப் பிறகு வந்த உடம்பு) முதல் தேர்வு. இரட்டையர் இருவரும் நடு வரிசையின் இரண்டு ஓரத்தில், ஐசோஃபிக்ஸில். பெரியவன் பூஸ்டரில் (கார் பெல்ட் சரியாக விழ உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) மூன்றாவது வரிசையில். ஆனால் நடு வரிசையில் சீட் மாட்டிவிட்டால் அதை மடித்துப் பின்னால் ஏற முடியாது. பெரியவன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நுழைய வேண்டும், அல்லது டிக்கி வழியாக. வாங்குவதற்கு முன் பையனை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர்தான், ஊருக்குப் போகும்போது மூட்டை மேலே கேரியருக்குத்தான் போகும்.

எர்டிகா விலை எட்டவில்லை என்றால் ட்ரைபர். மூன்றாவது வரிசையில் ஒரு சீட்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அந்த இடம் ஸ்ட்ரோலருக்கு. ஐசோஃபிக்ஸை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெல்ட்டால் கட்டும் சீட்டையே எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். 1.0 லிட்டர் எஞ்சின், ஏழு பேரும் ஏசியும் என்றால் மலைப்பாதையில் திணறும். ஊருக்குள் ஓட்ட ஒன்றும் குறைவில்லை.

நாகர்கோவில்: அமெரிக்காவில இருந்து மச்சான் ஒரு கார் சீட் கொண்டுவந்தான். பெல்ட் போட்டுக் கட்டினாலும் ஆடுது. சீட்டுல கோளாறா, கார்ல கோளாறா?

இரண்டிலும் இல்லை. அமெரிக்கக் கார்களின் பின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து விட்டால் 'டிக் டிக்' என்று பூட்டிக்கொண்டே உள்ளே போகும், மறுபடி நீளாது. அந்தச் சீட் அதை நம்பிச் செய்தது. நம் ஊர்க் கார்களின் பெல்ட் திடீரென்று இழுத்தால் மட்டும்தான் பூட்டும், மெதுவாக இழுத்தால் நீண்டுகொண்டே வரும். உங்கள் காரில் இழுத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

சீட்டிலேயே பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் பிடிப்பான் இருந்தால் அதை மூடினால் போதும். இல்லையென்றால் சீட்டோடு H வடிவத்தில் ஒரு இரும்புக் கிளிப் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அடியில் ஒட்டிவைத்திருக்கும். பெல்ட்டை இறுக்கி, இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் சேரும் நாக்குக்கு 2.5 செ.மீ.க்குள் அந்தக் கிளிப்பைப் போட வேண்டும். காரில் ஐசோஃபிக்ஸ் கம்பி இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம், அமெரிக்கச் சீட்டின் கீழ்க் கொக்கிகள் அதே கம்பியில் மாட்டும். எடை வரம்பு ஸ்டிக்கரில் இருக்கும், பாருங்கள். காலாவதித் தேதியும் சீட்டில் எங்கேயாவது இருக்கும், தேடுங்கள். தாண்டியிருந்தால் மச்சானுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு வாங்குங்கள்.

எப்படிக் கட்டினாலும் சோதனை ஒன்றுதான். பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டாதீர்கள், அங்கே ஆடத்தான் செய்யும்.

தஞ்சாவூர்: நட்சத்திரம் பார்த்து வாங்கினா போதாதா? நெக்ஸான் 5 ஸ்டார்தானே?

அந்த 5 முன்னால் உட்காரும் பெரியவர்களுக்கு. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் (கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமைப்பு) நெக்ஸானுக்குக் குழந்தைகள் பாதுகாப்பில் கொடுத்தது 3. எக்ஸ்யூவி 300 (2020 ஜனவரி) பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4. குழந்தைக்கான எண் தனி, அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். 2022இல் சோதனை விதிகள் கடுமையாகின, அதனால் பழைய 4 ஸ்டாரையும் புதிய 4 ஸ்டாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். எக்ஸ்யூவி 300 பிடித்திருந்தால் டிக்கியைத் திறந்து ஸ்ட்ரோலரை வைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். வெளியில் பெரிதாகத் தெரியும், டிக்கி சின்னது.

செங்கல்பட்டு: வெள்ளத்துல நின்ன வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குழந்தை சீட் மாட்டும் இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். பின் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுங்கள். வெளியே தெரியும் பாதியைத்தான் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் குறுக்கே காபிக் கறை மாதிரி ஒரு கோடு, விரலில் ஒட்டும் நைசான மண், முகர்ந்தால் பழைய சாக்கு வாடை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். ஐசோஃபிக்ஸ் கம்பி உடம்போடு சேரும் இடத்திலும், முன் சீட் தண்டவாள போல்ட்டுகளிலும், ஸ்டெப்னி குழியிலும் துருப்பொடி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை சுற்றுவட்டாரத்தில் மட்டுமல்ல, 2023 டிசம்பருக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிகளிலும் இதைச் செய்யுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் விளக்கை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள், அது இன்னும் மோசம். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். ஐந்து வருடம் ஒரே ஓனர் கையில் இருந்த வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யம் என்றால் என்ன கிளெய்ம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விழுப்புரம்: புதுச்சேரி நம்பர் வண்டி 60 ஆயிரம் குறைவா வருது. எடுக்கலாமா?

அந்த 60 ஆயிரம் எங்கே போகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் வைத்து ஓட்ட இங்கே வாகன வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். அதற்குப் புதுச்சேரியிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று, படிவம் 28) வேண்டும். வண்டியின் வயசுக்கு வரி எவ்வளவு என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சியில் லோன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வங்கியின் கடிதமும் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

சேலம்: சிஎன்ஜி வண்டி எடுத்தா செலவு மிச்சமாகுமே?

சிலிண்டர் டிக்கியைத் தின்றுவிடும். ஸ்ட்ரோலர் எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பின் சீட்டின் முதுகில் டெதர் கொக்கி இருந்தால் சிலிண்டருக்குப் பின்னால் கை போகிறதா பாருங்கள். கம்பெனியில் இல்லாமல் வெளிக் கடையில் பொருத்தியது என்றால் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்றும் வேண்டும்.

ஈரோடு: பக்கத்து ஊருக்குத்தானே, மடியில் வெச்சுக்கிட்டு முன்னாடி உட்காரக் கூடாதா?

கூடாது. ஏர்பேக் வெடித்தால் குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் அல்ல, குழந்தையின் மேல் வெடிக்கும். பின்பக்கம் பார்த்த சீட்டையும் ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

மதுரை: சீட்டுல வெச்சாலே குழந்தை வீறிட்டு அழுவுது. பழகுமா?

பக்கிளைத் தொட்டுப் பார்த்தீர்களா? மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் அந்த இரும்பு நாக்கு தொடையில் பட்டால் யாராக இருந்தாலும் வீறிடுவார்கள். வண்டியை நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு மூடி வையுங்கள். ஏற்றுவதற்கு முன் இரண்டு கதவையும் திறந்து, ஏசியை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் தலையணை, கனமான துணி எதுவும் சேர்க்காதீர்கள், பட்டை தளர்ந்துவிடும். தோள் பட்டையை இறுக்கிய பிறகு இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு கைக்கு வரக் கூடாது.