குட்டை முடி நாய்க்குக் கம்பிப் பிரஷ் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு நாய்க்கு மூன்று வயது. கம்பத்து நாய்க் கலப்பு, முடி குட்டைதான். ஆனாலும் மெத்தை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை என்று எங்கும் முடி. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள பிரஷ் வாங்கினேன். இரண்டு இழுப்பு இழுத்தாலே ஓடிவிடுகிறது. இடுப்பில் சிவப்புக் கோடுகள் வேறு. கடையில் விதவிதமாகத் தொங்குகின்றன, எதைத்தான் வாங்குவது?"

முதலில் அந்தக் கம்பிப் பிரஷை எடுத்து ஓரமாக வையுங்கள். நாய் மேல் தப்பே இல்லை. பூடில், ஷி சூ மாதிரி நீள முடிக்குள் புகுந்து சிக்கெடுக்கத்தான் அந்தக் கம்பி வளைந்திருக்கிறது. சிக்கே விழாத குட்டை முடியில் அது நேரே தோலில் போய்க் கீறும். நாய்த் தோலின் மேலடுக்கு நம்முடையதைவிட மெல்லியது.

நீங்கள் வாங்க வேண்டியது ரப்பர் பிரஷ். ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! உள்ளங்கையில் அடங்கும், அடியில் மொட்டை முனையுள்ள ரப்பர் பற்கள் இருக்கும். உதிரத் தயாராக நிற்கும் முடியை ரப்பர் பிடித்து இழுத்துவிடும், தோலைக் கீறாது. கையுறை மாதிரி மாட்டிக்கொள்வதும் உண்டு; பிரஷைக் கண்டாலே ஒதுங்கும் நாய்க்கு அது நல்லது, தடவிக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளும். கடையிலேயே பிரஷை உங்கள் முழங்கையின் உட்புறத்தில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். சுருக்கென்றால் வாங்காதீர்கள். பற்கள் கல் மாதிரி இருந்தாலும் வேண்டாம், விரலால் தள்ளினால் வளைய வேண்டும்.

'அடிமுடி எடுக்கும் கருவி' என்று சீப்புப் பல்லும் உலோக விளிம்புமாக ஒன்றைக் கடைக்காரர் காட்டுவார். விலையும் கூட. அதைத் தொடும் முன் நாயின் இடுப்பிலும் கழுத்திலும் முடியை எதிர்த் திசையில் விலக்கிப் பாருங்கள். வெளிறிய பஞ்சு போன்ற இரண்டாம் அடுக்கு தெரிந்தால், லாப்ரடார் கலப்பில் அப்படித்தான் இருக்கும், எப்போதாவது ஒருமுறை மெதுவாகப் பயன்படுத்தலாம். நேராகத் தோல் தெரிந்தால் அது தேவையே இல்லை. குவியலாக முடி வருகிறதே என்று மகிழ வேண்டாம், நல்ல முடியும் சேர்ந்தே அறுந்து வருகிறது.

மென்மையான இழைப் பிரஷ் கடைசியில் தூசியைத் தட்டி மினுமினுப்பு ஏற்றத்தான். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஈரத்துணி போதும். இந்த இழை சிலவற்றில் பன்றி முடியாக இருக்கும். 2013 முதல் நம் நாட்டில் அப்படிப்பட்ட பொருளுக்கு லேபல் கட்டாயம். வீட்டுக்கு முஸ்லிம் நண்பர்கள் வந்துபோவார்கள் என்றால் நைலான் இழையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து பத்து நிமிடம் போதும். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, கழுத்திலிருந்து பின்பக்கமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, பிறகு முடி போகும் திசையில் இழுத்துவிடுங்கள். முதுகெலும்பு, முட்டி, வயிறு வரும்போது கை லேசாகட்டும். குளிப்பாட்டும்போது நாய் ஷாம்பு நுரையோடு அதே ரப்பர் பிரஷால் தேய்த்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் முடி உதிர்வது அடியோடு நிற்காது. குளிர்நாட்டில் பகல் நீளம் மாறுவதை வைத்து நாய்கள் பருவத்துக்குப் பருவம் முடி மாற்றும். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதனால் உதிர்வதும் ஆண்டு முழுக்கத்தான்.

அப்புறம் உண்ணி. செம்பனை நிரைகளுக்குள் சுற்றிவிட்டு வரும் நாய்க்கு இதை விட்டுவிட முடியாது. பிரஷ் உண்ணியைப் பிடிக்காது, விரல்தான் பிடிக்கும். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால் விரல் இடுக்கு என்று தடவிப் பாருங்கள். கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நகத்தால் நசுக்குவது இரண்டும் வேண்டாம். நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. பலகைச் சுவர் இடுக்கிலும் படுக்கும் சாக்கிலும்தான் முட்டையிட்டுப் பெருகும். லயத்து வீடு என்றால் அந்த இடுக்குகளையும் சுத்தம் செய்யாமல் நாயை மட்டும் வாரிப் பயனில்லை.

வட்டமாக முடி கொட்டியிருந்தாலோ, செதில், புண் தெரிந்தாலோ பிரஷ் போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையாக இருந்தால் பிள்ளைகளுக்கும் ஒட்டும், பக்கத்து வீட்டு நாய்க்கும் பிரஷ் வழியாகவே போகும். அதனால் பிரஷை இரவல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முடியை எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். காரமான வெயிலில் நாள்கணக்கில் விட்டுவிட்டால் மட்டும் ரப்பர் வெடித்துப்போகும்.