பீட்ரூட்டில் தோய்த்த துணி ஏன் வெளுத்துப்போகிறது?

உப்பும் வினிகரும் சேர்த்துப் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்த பருத்தித் துணி ஒரே சலவையில் வெளுத்துவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, பீட்ரூட்டில்தான். அதன் நிறமியான பெட்டானின் பருத்தி இழையைச் சரியாகப் பற்றாது. சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்துவிடும். எத்தனை கைப்பிடி உப்புப் போட்டாலும் வீண்தான்.

வெங்காயத் தோலுக்கு மாறுங்கள். காய்ந்த மேல்தோல், துணியின் எடைக்குச் சமமாக இருந்தால் நல்லது. முதலில் துணியைச் சலவை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். புதுத்துணியின் கஞ்சியும் மெழுகும் போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். பிறகு 100 கிராம் துணிக்குச் சுமார் 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, இரவு முழுவதும் அதில் ஊறவிடுங்கள். இழையையும் நிறமியையும் பிணைப்பது படிகாரத்தில் உள்ள அலுமினியம். தோலை ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, ஈரத்துணியை அந்தச் சாற்றில் மெல்லிய தீயில் இன்னொரு மணி நேரம் புரட்டிவிடுங்கள். (சமைக்கும் பாத்திரம் வேண்டாம்.) பொன்மஞ்சள் கிடைக்கும். துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சிறிது விட்டால், அந்த மஞ்சள் கண்ணெதிரே பாசிப்பச்சையாக இருளும்.

மஞ்சள்தூள் படிகாரம் இல்லாமலே பளிச்சென்று ஏறும். ஆனால் வெயிலில் மங்கும், சோப்பு பட்ட இடம் சிவக்கும். பாலியஸ்டர் துணியோ வெங்காயத் தோலுக்கு மசியவே மசியாது.