வேர்ட்பிரஸ் எடிட்டர் மாறியபோது ஏன் அவ்வளவு சண்டை? ஃபோர்க் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் நிரலை அப்படியே நகலெடுத்து, வேறு பெயரில் வேறு குழு தனியாக வளர்ப்பதுதான் ஃபோர்க். வடிவமைப்புச் சண்டை முற்றினால் சில சமயம் அதில்தான் போய் முடியும்.

இணையதளம் உருவாக்கப் பயன்படும் மென்பொருள்தான் வேர்ட்பிரஸ். 2018 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பு, பழைய எழுதும் பெட்டிக்குப் பதிலாக குட்டன்பெர்க் எடிட்டரை முன்னால் வைத்தது. அதில் ஒவ்வொரு பத்தியும் படமும் தனித்தனி ‘பிளாக்’. புதிதாக வருபவருக்கு வசதிதான். வருடக்கணக்கில் பழகியவருக்கோ, தான் சமைக்கும் அடுப்படியில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாக டப்பாக்களை இடம் மாற்றிய மாதிரி. ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்து எழுதுபவர்கள் திணறுவார்கள் என்ற புகார்தான் இருந்ததிலேயே நியாயமானது என்பேன். அதைக் கவனித்து வந்த அணுகல்தன்மைக் குழுவின் தலைவரே 5.0 வரும் முன்பே, அக்டோபரில் விலகிவிட்டார்.

அடிப்படைக் காரணம் எளிது: பயன்படுத்துவோர் கோடிக்கணக்கில், முடிவெடுப்போர் சிலர், ஓட்டெடுப்பு கிடையாது. பலர் பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டுவரும் ‘கிளாசிக் எடிட்டர்’ பிளகின் போட்டுச் சமாளித்தார்கள். சிலர் முந்தைய பதிப்பான 4.9ஐ எடுத்து கிளாசிக்பிரஸ் என்ற ஃபோர்க்கைத் தொடங்கினார்கள்.

ஃபோர்க் செய்வது திருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். வேர்ட்பிரஸ் வெளியாகும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது, வேர்ட்பிரஸ்ஸே 2003இல் பி2 என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த ஃபோர்க்தான்.